பேரு சொல்லாம அரைச்ச மிளகாய்

அந்தப் பையச் சித்தெ அக்கட்டால வெய்யுங்க அம்முணி. கோவிச்சுக்காதீங்க, நெடி ஏறுது. வரமிளகாய்தானே? நான் ஏறி உக்காந்ததுமே மூக்கு சொல்லிருச்சு. இந்த ஆனைமலை பஸ்ஸுல மிளகாய்ப் பையோட ஏறுற பொம்பளைய யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. நானும் கேக்கல. கெடுதல் பண்ணுனவன் எரியோணும்னு ஆத்தா கோயில் கல்லுல அரைச்சுப் பூசத்தான். யாரு மேல, என்ன வயித்தெரிச்சலு, அதெல்லாம் உங்களுக்கும் ஆத்தாளுக்கும்.

நான் இன்னைக்கு மிளகாய் கொண்டாரல. இதா பாருங்க, எண்ணெய் பாட்டிலு. செக்குல ஆட்டின நல்லெண்ணெய். அரைச்ச காரியம் முடிஞ்சா ஆத்தாளுக்கு எண்ணெய் ஊத்திக் குளுர வெக்கோணுமில்லீங்களா, அதுக்கு. காரியம் முடிஞ்சுதான்னு கேக்கறீங்களா? முடிஞ்சுதுங்க. அளவுக்கு மீறி முடிஞ்சுபோச்சு. அதுலதான் எனக்குப் பயம்.  பஸ்ஸு இன்னும் கெளம்பல, சொல்றேன் கேளுங்க.

எனக்குப் போத்தனூருங்க. இட்லி மாவு அரைச்சு விக்கிறேன். ஊட்டுக்காரரு லேத்துப் பட்டறைக்குப் போறாரு. ஒரே பையன், தரணிதரன். அவன் ஃபுட்பால் ஆடறான். எங்கன்னு நெனைக்கிறீங்க? போர்ச்சுகல்ல.

ம்ம், அப்படித்தான் எல்லாரும் கண்ண விரிக்கிறாங்க. டிவில வர்றாங்களே, அவிங்களாட்ட நெனச்சுப்போடாதீங்க. எங்க நாத்தனா அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்குது. இவன் இருக்கறது நாலாவது படியிலங்க. உசந்த டீமு ஒண்ணு, அதுக்குக் கீழ ஒண்ணு, அதுக்குக் கீழ ஒண்ணு, அதுக்கும் கீழ இவன். பகலெல்லாம் வேற வேலைக்குப் போயிட்டுச் சாங்காலம் வந்து ஆடறவங்க. ஒருத்தன் தபால்காரனாம், ஒருத்தன் துறைமுகத்துல மீன் பொட்டி ஏத்தறவனாம். கடலோரத்துல சின்ன ஊரு. பேரு என்ற வாயில நுழையாது. நம்ம ரயில்வே கிரவுண்டு இதவிடப் பெருசும்மான்னு அவனே சொன்னான்.

ஆனா அங்க இருந்து மேல போலாமுங்க. அதுதான் சங்கதி. ஒரு வருசம் வெச்சுப் பார்ப்பாங்க. ஆட்டத்துல நின்னு காட்டுனா, மேல் டீமுக்காரன் எவனாச்சும் பார்த்துக் கூப்புடுவான். நிக்கலீன்னா ஆனி மாசம் பொட்டி கட்டிட்டு வந்து அப்பங்கூட லேத்துல நிக்கோணும். அவ்வளவுதான், வேற வழி இல்ல. சின்ன வயசுல இருந்து முட்டியில தோலு இல்லாம விழுந்து எந்திரிச்ச பையனுங்க. பனியன் துவைச்சுத் துவைச்சு என்ற கை செவந்து போச்சு, அந்தச் செம்மண்ணு போவே போவாது.

இவன் கீப்பருங்க. கம்பத்துக்கு நடுவுல நின்னு பந்தப் புடிக்கிறவன். அதுலதான் வந்துச்சு வினை. மத்தவன்னா பாதி ஆட்டத்துல மாத்தி எறக்குவாங்களாம். ஓடிக் களைச்சா மாத்துவாங்க, ஆடலீன்னா மாத்துவாங்க. கீப்பர மட்டும் மாத்த மாட்டாங்களாம். அவம்பாட்டுக்கு நின்னுட்டே இருப்பானாம். அங்க ஏற்கெனவே ஒருத்தன் நிக்கிறான், பன்னண்டு வருசமா. வயசு முப்பத்தஞ்சு ஆவுதாம். நம்ம பையன் போயி ஆடி போச்சு, ஆவணி போச்சு, ஐப்பசியும் போச்சு, பெஞ்சுலயே உக்காந்திருக்கான். கோட்டப் போத்திட்டுக் குளுருல உக்காந்திருக்கற போட்டோவ அனுப்புவான். பெத்த வயிறு என்ன பண்ணும் சொல்லுங்க.

ஒரு நாளு கேட்டேன், எப்பத்தான் கண்ணு உனக்கு எடம் குடுப்பாங்கன்னு. சிரிச்சுட்டே சொல்றான், அவருக்கு அடிகிடி பட்டாத்தாம்மா எனக்கு எடம்னு. வெளையாட்டாத்தான் சொன்னான். வெளையாட்டாச் சொல்ற பேச்சா அது? நீங்களே சொல்லுங்க. பெத்த ஆத்தாகிட்டச் சொல்ற பேச்சா?

நான் யாருக்கும் கெடுதல் நெனச்சதில்லீங்க. எங்க சந்துல கேட்டுப் பாருங்க. மாவு புளிச்சுப்போச்சுன்னா பாக்கெட்டு மாத்திக் குடுப்பேன். ஆனா இது நாயமுங்களா? முப்பத்தஞ்சு வயசுக்காரன் நின்னுட்டே இருக்கறதும், சின்னப் பையன் உக்காந்தே இருக்கறதும்? அநியாயத்துக்குத்தானே ஆத்தாகிட்டப் போறோம். கார்த்திகை அமாவாசைக்கு இதே பஸ்ஸுல வந்தேன். இதே சீட்டுன்னு நெனைக்கிறேன்.

அங்க வரிசையில எனக்கு முன்னால நின்ன அக்கா சொல்லுச்சுங்க. பேரச் சொல்லி அரைக்கோணும், ஊரச் சொல்லி அரைக்கோணும், அப்பத்தான் தப்பாம போயிச் சேரும்னு. எனக்கு அவன் பேரு தெரியாது. தரணிக்குப் போன் போட்டு, ஏங்கண்ணு, அவம் பேரு என்னன்னு கேட்டா, எதுக்கும்மான்னு கேப்பானில்ல? அவனுக்கு இதெல்லாம் புடிக்காது. அதனால நான் என்ன பண்ணுனேன், அங்க கடலோரத்து ஊருல, கோல் கம்பத்துக்கு நடுவுல எவன் நிக்கிறானோ, அவன் எரியோணும் ஆத்தான்னு சொல்லி அரைச்சேன். எவன் நிக்கிறானோ அவன். அப்படித்தான் சொன்னேன். மூணு தடவ சொன்னேன்.

டிக்கெட்டுங்களா? ஆனைமலை ஒண்ணுங்க. இவிங்களுக்கும் அங்கதான்.

எனக்கு அரைக்கிறது புதுசு இல்ல பாருங்க, மை மாதிரி அரைச்சுப்போட்டேன். பக்கத்துல நின்னவங்கெல்லாம் தும்மிட்டு அக்கட்டால போயிட்டாங்க. அப்பற ரெண்டு நாளு கையத் தயிருலயே முக்கி வெச்சிருந்தேன். மாவுல கை வெக்கல. வெச்சிருந்தா போத்தனூரு பூரா ரோட்டுல நின்னு கத்தியிருக்கும்.

சிரிக்காதீங்க. சிரிக்கறதெல்லாம் இதோட சரி.

மார்கழி பொறந்து போன் பண்றான். அம்மா, இனிமேல் நான்தாம்மா நிக்கிறேன்னான். அவ்வளவுதான் சொன்னான். நான் கேசரி கிண்டி சந்து பூராக் குடுத்தேன். எங்க ஊட்டுக்காரரு சும்மா சிரிக்க மாட்டாரு, அவரே சிரிச்சாரு. அடுத்த நாளுதான் விசயத்தச் சொல்றான்.

மைதானத்துல கோடு போடுவாங்கல்லங்க, வெள்ளையா. அதுக்குன்னு ஒரு மாவு இருக்குதாம். அது தீந்துபோச்சுன்னு அங்க வேலை செய்யற கெரகம் புடிச்சவன் எவனோ, கட்டட வேலைக்கு வெச்சிருந்த சுண்ணாம்ப எடுத்துக் கொட்டிப்போட்டான். மழை வேற. பந்தப் புடிக்கப் பாஞ்ச அந்த கீப்பரு கோல் கோட்டு மேலயே குப்புற விழுந்துட்டான். மூஞ்சி பூராச் சுண்ணாம்பு. கண்ணுக்குள்ள. எரியுது எரியுதுன்னு கத்துனானாம் அம்முணி. அவங்க பாஷையில கத்தியிருக்கான், தரணி அதத்தான் எனக்குத் தமிழ்ல சொன்னான், எரியுது எரியுதுன்னு கத்துனாரும்மான்னு. நான் சொன்ன சொல்லு. கல்லுல குனிஞ்சு நான் என்ன சொன்னேனோ அதே சொல்லு.

நம்ம பையன்தான் பெஞ்சுல இருந்து மொதல்ல ஓடுனானாம். பாட்டில் பாட்டிலா அவன் கண்ணுல தண்ணிய ஊத்திட்டு, அப்பற அந்த ஈரக் கையோட கையுறைய மாட்டிட்டு நின்னானாம்.

அன்னைக்கே எனக்குக் கொஞ்சம் பயந்தான். இல்லீன்னு சொல்லல. ஆனா சுண்ணாம்பக் கொட்டுனவன் அவன், விழுந்தவன் இவன், நடுவுல எனக்கு என்ன? ஆத்தா எம் பக்கம் நாயம்னு பார்த்திருக்கா, இல்லீன்னா செஞ்சிருப்பாளா? அப்படின்னு மனசத் தேத்திக்கிட்டேன். எண்ணெய் ஊத்த வரோணும், வரோணும்னு இருந்தேன். தை மாசம் மாவுக்கு நெம்பக் கிராக்கி. அப்படியே தள்ளிப்போச்சு.

அப்பற பாருங்க, அந்த மனுசன் ரொட்டி சுடறவனுங்க. பேக்கரில வேலை. அந்த ஊர்ல தரணி தங்கியிருக்கறதே அவன் ஊட்டு மச்சுலதானாம்! இத எங்கிட்டச் சொல்லவே இல்ல, சுண்ணாம்பு சங்கதிக்கு அப்பறந்தான் சொல்றான். இவன் அங்க போன நாள்ல இருந்து சோறு போட்டது அவன். கோட்டு குடுத்தது அவன். அந்த போட்டோல போத்திட்டு உக்காந்திருந்தானே, அந்தக் கோட்டு. ஒரு கண்ணுல கட்டுப் போட்டுட்டும் காலையில ரொட்டி கொண்டாந்து வெச்சுட்டுத்தான் போறானாம். சாங்காலம் கோல் கம்பத்துக்குப் பின்னால ஸ்டூலு போட்டு உக்காந்து, அங்க நில்லு, இங்க நில்லுன்னு நம்ம பையனுக்குச் சத்தம் போடறானாம். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமுங்களா? என்னமோ எதிர்பார்க்கறான்னு தோணுச்சு. எடத்தப் பறிகுடுத்தவன் ரொட்டி குடுப்பானுங்களா? தரணிகிட்டச் சொன்னேன், கண்ணு, அந்த ரொட்டியத் திங்காதன்னு. அவன் எம்மேல கோவிச்சுட்டு நாலு நாளு போனே பண்ணல.

இது என்ன ஊருங்க, அம்பராம்பாளையமா? இன்னும் சித்தெ நேரம் இருக்குது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்ததே இருக்குது. போன ஞாயித்துக்கெழம போன்ல மூஞ்சியக் காட்டிப் பேசறான். ஜெயிச்சுட்டோம்மா, ரெண்டு பந்தப் பாஞ்சு புடிச்சேம்மாங்கறான். நான் அவன் கண்ணையே பார்க்கறேன். வலது கண்ணு ரத்தமா இருக்குது. அந்தாளுக்குக் கட்டு போட்டிருக்கற அதே கண்ணு. ஏங்கண்ணு செவந்திருக்குதுன்னேன். ஒண்ணும் இல்லம்மா, கோல் கோட்டு மேல விழுந்தேன், லேசா எரியுதுங்கறான்.

எரியுது.

சாமி, எனக்கு அப்பத்தான் பொட்டுல அடிச்சாப்புல வெளங்குச்சு. நான் அந்தாளு பேரச் சொல்லி அரைக்கலியே. கம்பத்துக்கு நடுவுல எவன் நிக்கிறானோ அவன்னுதானே அரைச்சேன். இப்ப அங்க நிக்கிறது யாருங்க? என்ற பையனில்லீங்களா நிக்கிறான்! மூணு மாசமா என்ற மிளகாய்க்கு நேரா என்ற பையன நிறுத்திப்போட்டு, நான் தை மாசக் கிராக்கின்னு மாவு ஆட்டிட்டு இருந்திருக்கேன். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கோல் கோட்டு மேல போயி விழுந்து எந்திரிச்சிருக்கான்.

அன்னையில இருந்து எனக்குச் சோறு எறங்கல. கண்ண மூடுனா சுண்ணாம்பு. ஊட்டுக்காரருகிட்டச் சொல்லவும் முடியல, அவருக்கு மிளகாய் சங்கதியே தெரியாது. இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. இப்ப பெஞ்சுல புதுசா ஒரு பையன் உக்காந்திருக்கானாம். எங்கியோ ஆப்பிரிக்காவுல இருந்து வந்திருக்கான், இப்ராகிமான்னு பேரு. எனக்கு எப்பம்மா அடிபடும்னு பார்த்துட்டே இருக்கான்னு தரணி சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வருமுங்களா? அவனுக்கும் ஒரு ஆத்தா இருப்பால்ல. அவ ஊர்ல என்ன கல்லோ, என்ன மிளகாயோ.

இன்னைக்குத்தானுங்க பெரிய ஆட்டம். மேல் டீமுல இருந்து ஆளு வர்றானாம், என்ற பையனப் பார்க்கறதுக்குன்னே. நல்லா நின்னா அடுத்த வருசம் ரெண்டு படி மேல. நமக்குப் பொழுது எறங்குனாப்புலதான் அங்க ஆட்டம் தொடங்கும். அதுக்குள்ளாற எண்ணெய ஊத்திப்போடோணும். அந்த எடத்துல இருந்து எரிச்சல எடுத்துரு ஆத்தான்னு கேக்கோணும். எப்படிக் கேக்கோணும்னு ஊட்டுல இருந்தே சொல்லிப் பார்த்துட்டு வர்றேன். அன்னைக்கு வாய் தவறுனது போதும், இன்னைக்குத் தப்பாச் சொல்லிறக் கூடாதில்லீங்களா. அந்த எடத்துல இருக்கற எரிச்சல எடுத்துரு, எம் பையன் அங்கயே நிக்கட்டும், ஆன காரியம் ஆனபடி இருக்கட்டும். இப்படிக் கேட்டாச் சரியா வருமுங்களா? ஏன்னா, எல்லாத்தையும் எடுத்துருன்னு சொல்லி, அவ அந்தாளுக்குக் கண்ணையும் திருப்பிக் குடுத்துட்டான்னா? இவன் மறுக்கா பெஞ்சுக்குப் போயிருவானே.

என்னங்க அப்படிப் பார்க்கறீங்க? அவன் கண்ணு போகட்டும்னா சொன்னேன்? ஆனபடி இருக்கட்டும்னுதானே சொன்னேன்.

இருங்க, இருங்க. போன் அடிக்குது. தரணிதான். சாமி, இந்நேரத்துக்குப் பண்ண மாட்டானே. கையில எண்ணெய் பாட்டிலு இருக்குது, சித்தெ இதத் தள்ளி விடுங்க அம்முணி, அந்தப் பச்சை வட்டத்த... ஆங்.

அலோ, கண்ணு? என்னடா ஆச்சு? கண்ணு எப்படி இருக்குது? ... சரியாயிருச்சா? நெசமாவா? எரியலியே? ... நான் பஸ்ஸுல இருக்கேன். சும்மாதான், கோயிலுக்கு. ... ம். ... ம். ... யாரு? ... கட்டுப் பிரிச்சாச்சா? எப்ப? ... பார்வை... பூராவுமா? ... ம்ம். நல்லதுடா. சந்தோசந்தான். நான் சந்தோசமாத்தானே பேசறேன். ... என்ன? என்ன சொல்ற? சத்தமாச் சொல்லு, பஸ்ஸு எரையுது. ... இன்னைக்கா? இன்னைக்கு உன்னப் பார்க்க ஆளு வர்றான்னியே! கோச்சுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா, அவன எப்படி நிறுத்துவான்? ... நீயா? ... நீயா சொன்ன? ... ஏங்கண்ணு? ... ம். ... ம். ... சரி. சாப்புடு. ... எந்த ரொட்டி? ... சரி, சரி. சாப்புடு.

வெச்சுட்டான்.

ஒண்ணும் இல்லீங்க. நல்ல சேதிதான். அந்தாளுக்குக் கட்டுப் பிரிச்சுட்டாங்களாம். பார்வை வந்துருச்சாம். ஊரே திரண்டு கிரவுண்டுக்கு வருதாம் அவனப் பார்க்க. கோச்சு தரணியத்தான் நிக்கச் சொல்லியிருக்கான். இவனே போயி, இன்னைக்கு ஒரு நாளு அவரு நிக்கட்டும், அது அவரு எடம், நான் பெஞ்சுல உக்காந்துக்கறேன்னு சொல்லியிருக்கான். மேல இருந்து ஆளு வர்ற அன்னைக்கு. என்ற பையன். எங்கிட்ட எவ்வளவு சந்தோசமாச் சொல்றான் தெரியுமுங்களா, நான் கேசரி கிண்டித் தருவேன்னு நெனச்சுட்டுச் சொல்றான். அவரு அழுதுட்டாரும்மாங்கறான்.

ஆளு ஒருக்காத்தான் வருவான். மறுக்கா வருவானா? நாலாவது படிக்கு எவன் மறுக்கா வருவான்?

இன்னைக்கு இவன் அந்த எடத்துல நிக்கல, அந்தாளுதான் நிக்கிறான். பெஞ்சுலதான் உக்காந்திருக்கான். இவன் கண்ணுக்கு இன்னைக்கு ஒண்ணும் ஆவாது. நான் எண்ணெய இன்னைக்கே ஊத்தோணும்னு இல்ல பாருங்க. நாளைக்கு வந்து ஊத்துனாலும்...

அய்யோ. நான் என்ன பேசறேன். அம்முணி, நான் என்ன பேசறேன் பாருங்க.

ஆனைமலை வந்துருச்சா? எறங்குங்க, நீங்க எறங்குங்க. நான் எறங்கல, இங்கயே உக்காந்துக்கறேன். இந்தாங்க, இந்தப் பாட்டில நீங்க புடிங்க. நீங்களே கொண்டு போயி ஊத்திப்போடுங்க. தெரியாதவங்களா இருந்தா என்ன, எண்ணெய்தானே. ஒண்ணும் சொல்ல வேண்டாம், குளுந்து போ ஆத்தான்னு மட்டும் சொல்லுங்க. எல்லாத்தையும் எடுத்துருன்னு சொல்லுங்க. என்ற கையில இருந்தா நான் ஊத்த மாட்டேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும். புடிங்க.

அந்த மிளகாய்ப் பையையும் மறந்துறாதீங்க. எங் காலுகிட்ட வெச்சுட்டுப் போயிறாதீங்க, எடுத்துட்டுப் போங்க அம்முணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இப்பப் போன்ல தரணி சொல்லிட்டான். ஹெல்தர். ஹெல்தராம்.

எனக்கு இப்ப அந்தாளு பேரு தெரியுமுங்க.